பென்னாகரம் சாலை வாடகை நூலகமும் அங்கே கிடைத்த அபிகெயில் ஃபில்மோரும்

தருமபுரியில் பழைய ஆங்கிலப் புத்தகங்கள் வாடகைக்கு எங்கே கிடைக்கும் என்று கேட்பவர்களுக்கு இனி என்னிடம் ஒரே பதில்தான். பென்னாகரம் சாலையில் ஒரு நாட்டு மருந்துக் கடைக்கு மேல்மாடியில் இருக்கும் வாடகை நூலகம். பஸ் ஸ்டாண்டிலிருந்து நடந்தே போய்விடலாம். பலகையில் ‘வாடகை நூலகம்’ என்ற இரண்டு சொற்கள் மட்டும்தான், வேறு பெயர் கிடையாது. கீழ்க்கடையின் சுக்கு, திப்பிலி வாசனை மேலே புத்தக அலமாரி வரைக்கும் வரும். எனக்கு அது பிடித்திருக்கிறது.

நடத்துகிறவர் தொலைபேசித் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கணக்கு நோட்டும் ரசீதும் அவர் மனைவியின் பொறுப்பு. அக்காவிடம் முன்பணம் முந்நூறு ரூபாய் கட்ட வேண்டும், மாதச் சந்தா அறுபது. ஒரு சமயத்தில் இரண்டு புத்தகம் எடுக்கலாம், பதினைந்து நாளில் திருப்ப வேண்டும். விலை அதிகமான புத்தகமாக இருந்தால் முன்பணம் கொஞ்சம் கூடும். இந்த விவரம் எந்த வாடகை நூலகத்திலும் ஏறக்குறைய இப்படித்தான் இருக்கும். நான் இந்த இடத்தைப் பற்றி எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் வேறு. இங்கே புத்தகத்தைத் தேர்ந்தெடுக்கிறவர் ஒரு வாசகர். கேட்கிறவரின் தேவை என்ன என்று காது கொடுத்துக் கேட்டுவிட்டு அலமாரிப் பக்கம் போகிறார். அது எவ்வளவு அரிய விஷயம் என்பது எனக்கு ஒரு பெண்ணின் வாழ்க்கையைத் தேடிப் போனபோது தெரிந்தது.

நான் பாலக்கோடு பக்கத்தில் ஓர் அரசு உயர்நிலைப் பள்ளியில் சமூக அறிவியல் ஆசிரியை. ஒன்பதாம் வகுப்புக்கு வெள்ளிக்கிழமை கடைசிப் பாடவேளையில் யாராவது ஒரு பெண்ணின் வாழ்க்கையைச் சொல்வது வழக்கம். எங்கள் பக்கம் பத்தாம் வகுப்பு முடித்த கையோடு பெண்ணுக்கு நிச்சயம் செய்துவிடுகிற வீடுகள் இன்னும் இருக்கின்றன. தக்காளி பறிக்கிற பருவத்தில் வகுப்பில் பாதிப் பெண் பிள்ளைகள் வரமாட்டார்கள். அவர்களிடம் ஜான்சி ராணியையும் மேரி கியூரியையும் முத்துலட்சுமி ரெட்டியையும் சொல்லியாகிவிட்டது. ஆசையாகக் கேட்பார்கள். ஆனால் கேட்டு முடித்ததும் ‘அவங்க எல்லாம் வேற’ என்கிற முகத்தோடு பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார்கள். வாள் எடுக்காத, நோபல் பரிசு வாங்காத, படிப்பை மட்டும் பிடித்துக்கொண்டு வாழ்ந்த ஒரு பெண் எனக்கு வேண்டியிருந்தது.

அதைத்தான் சாரிடம் கேட்டேன். “பெரிய சாதனை எல்லாம் வேண்டாம் சார். கிராமத்துல பாடம் சொல்லிக் கொடுத்த டீச்சரா இருந்தா நல்லது.”

அவர் கொஞ்ச நேரம் யோசித்தார். உள் அறைக்குப் போய் இரண்டு புத்தகங்களோடு வந்தார். ஒன்று அமெரிக்க ஜனாதிபதிகளின் மனைவியரைப் பற்றியது. அட்டை கிழிந்து பிளாஸ்டிக் உறை போட்டிருந்தது. மற்றது வெள்ளை மாளிகைக் கட்டடத்தின் வரலாறு. “முதல் புத்தகத்துல ஃபில்மோர்னு ஒருத்தரோட சம்சாரம் வருவாங்க டீச்சர். அவரை யாருக்கும் ஞாபகம் இல்லை. ஆனா இந்தம்மா ஊர்ப் பள்ளிக்கூடத்து டீச்சர். படிச்சிட்டு ரெண்டாவது புத்தகத்தையும் பாருங்க. ஒண்ணு சொல்றதை இன்னொண்ணு மறுக்கும்.”

அப்படி இரண்டைச் சேர்த்துக் கொடுத்ததுதான் இந்த நூலகத்தின் சேவை. கேட்ட புத்தகம் இருக்கிறதா இல்லையா என்று மட்டும் பார்க்கிற இடத்தில் இது நடக்காது.

அபிகெயில் பவர்ஸ் 1798 மார்ச் 13ஆம் தேதி நியூயார்க் மாநிலத்தில் ஸ்டில்வாட்டர் என்ற ஊரில் பிறந்தவர். அப்பா லெமுவேல் பவர்ஸ் பாப்டிஸ்ட் சபை போதகர். அபிகெயிலுக்கு இரண்டு வயதாகும்போது அப்பா இறந்துவிட்டார். சொத்து என்று பெரிதாக எதுவும் வைத்துவிட்டுப் போகவில்லை, அவர் சேர்த்த புத்தகங்கள்தான் மிச்சம். அம்மா பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு மேற்கே, அப்போது காட்டை வெட்டி ஊர் உண்டாக்கிக்கொண்டிருந்த செம்ப்ரோனியஸ் பக்கம் குடியேறினார். கையில் பணம் கம்மி. பள்ளிக்கூடத்தை நம்ப முடியாத இடம். அந்தப் புத்தகங்களை வைத்தே அம்மா தன் பிள்ளைகளுக்குப் படிப்புச் சொல்லிக் கொடுத்தார்.

வகுப்பில் இந்த இடத்தில் நான் நிறுத்திவிட்டேன். புத்தகத்தில் இது நான்கைந்து வரிதான் வருகிறது. எனக்கு இந்தக் கதையிலேயே பெரிய ஆள் அந்த அம்மாதான். கணவர் போய், கைப்பிள்ளைகளோடு தெரியாத ஊருக்கு வண்டி கட்டுகிற பெண் சுமையைக் குறைக்கத்தான் பார்ப்பார். அவர் புத்தகங்களை விடவில்லை. எங்கள் பிள்ளைகளிலும் அம்மா மட்டும் இருக்கிற வீட்டிலிருந்து வருகிறவர்கள் உண்டு. அவர்கள் நிமிர்ந்து உட்கார்ந்ததைப் பார்த்தேன்.

பதினாறு வயதில் அபிகெயில் பள்ளியில் பாடம் சொல்லிக் கொடுக்கப் போனார். சம்பளம் வீட்டுக்கு உதவியது, தானும் தொடர்ந்து படித்துக்கொண்டார். 1819இல் நியூ ஹோப் என்ற ஊர்ப் பள்ளியில் அவரிடம் ஒரு மாணவர் வந்து சேர்ந்தார். பத்தொன்பது வயது. குத்தகை நிலத்தில் பாடுபட்ட ஏழை விவசாயியின் மகன். பதினான்கு வயதிலேயே கம்பளி ஆலையில் தொழில் பழக விடப்பட்டவர். கம்பளி சிக்கெடுக்கும் இயந்திரத்துக்குப் பக்கத்தில் அகராதியைத் திறந்து வைத்துக்கொண்டு, வேலைக்கு நடுவே சொல் சொல்லாகப் படித்தவர். பெயர் மில்லார்ட் ஃபில்மோர். பின்னால் அமெரிக்காவின் 13ஆவது ஜனாதிபதி. ஆசிரியை அவரைவிட ஏறக்குறைய இரண்டு வயது மூத்தவர்.

“டீச்சரையேவா கல்யாணம் பண்ணிக்கிட்டாரு?” என்று ஒருத்தி கேட்க, வகுப்பே கலகலத்துப் போனது. சிரிப்பு அடங்கியதும் தேதியைச் சொன்னேன். திருமணம் நடந்தது 1826 பிப்ரவரி 5. பழகத் தொடங்கி ஏழு ஆண்டுக்குப் பிறகு. அவர் சட்டம் படித்து, தொழில் தொடங்கி, ஒரு குடும்பத்தை நடத்தலாம் என்கிற நிலைக்கு வரும்வரை இருவரும் காத்திருந்தார்கள். தூரத் தூர ஊர்களில் இருந்தார்கள், கடிதம்தான் துணை. அபிகெயில் அந்தக் காலம் முழுக்கப் பாடம் நடத்திக்கொண்டிருந்தார். திருமணத்தன்று அவருக்கு இருபத்தேழு முடிந்து இருபத்தெட்டு நடக்கப் போகிறது.

“இருபத்தேழு வயசு வரைக்கும் வீட்ல விட்டாங்களா டீச்சர்?”

கேட்டவள் கடைசி பெஞ்சு. அவள் அக்காவுக்குப் பதினாறில் கல்யாணம் நடந்தது எனக்குத் தெரியும். இந்தக் கேள்விக்காகத்தான் நான் அந்தப் புத்தகத்தை எடுத்தேன் என்று எனக்கே அப்போதுதான் விளங்கியது. சம்பாதிக்கிற மகள் தன் கல்யாணத்தைத் தானே முடிவு செய்தார் என்று சொன்னேன். கூடவே இன்னொன்றும் சொன்னேன். திருமணத்துக்குப் பிறகும் அவர் வேலையை விடவில்லை. 1828இல் மகன் பிறக்கும்வரை பாடம் நடத்தினார். திருமணத்துக்குப் பின்னும் சம்பளத்துக்கு வேலை பார்த்தவர் என்று ஜனாதிபதி மனைவியர் வரிசையில் முதலில் சொல்லப்படுகிறவர் அவர்தான். கணவர் தன் கையால் ஈஸ்ட் அரோரா என்ற ஊரில் கட்டிய சின்ன மர வீட்டில்தான் அப்போது குடியிருந்தார்கள். அந்த வீடு இன்றும் அருங்காட்சியகமாக இருக்கிறது.

அப்புறம் பஃபலோ நகரம், அரசியல், வாஷிங்டன் என்று புத்தகம் வேகமாகப் போகிறது. 1832இல் மகள் மேரி அபிகெயில் பிறந்தாள், செல்லப் பெயர் ஆபி. வீட்டில் சேர்ந்த புத்தகங்கள் 4,000 வரைக்கும் வந்தன என்று சொல்கிறார்கள். அபிகெயில் பிரெஞ்சும் பியானோவும் தானாகவே கற்றுக்கொண்டார். செய்தித்தாளையும் நாடாளுமன்ற விவாதத்தையும் விடாமல் படித்தார். கணவர் அரசியல் விஷயத்தை அவரிடம் பேசாமல் முடிவெடுக்க மாட்டார் என்று பழகியவர்கள் எழுதியிருக்கிறார்கள். 1842இல் நடைபாதையில் கால் இடறி விழுந்து கணுக்காலில் அடி. அது கடைசிவரை சரியாகவே ஆகவில்லை. இந்தக் கால் வலியைப் பிறகு எழுதியவர்கள் பலர் ‘அவர் விருந்துகளில் கலந்துகொள்ளாத நோயாளி’ என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். எனக்கு அது நியாயமாகப் படவில்லை. வரவேற்பு நாள்களில் மணிக்கணக்காக நின்று வருகிறவர்களுக்கெல்லாம் கை குலுக்க வேண்டும். நாள் முழுக்க நின்றே பாடம் நடத்துகிறவர்களைக் கேட்டால் கணுக்கால் வலி என்னவென்று சொல்வார்கள். முடிந்தவரை நின்றார், முடியாத நாளில் மகள் ஆபி அந்த இடத்தில் நின்றாள்.

1850 ஜூலை 9ஆம் தேதி ஜனாதிபதி சக்கரி டெய்லர் இறந்தார். மறுநாள் துணை ஜனாதிபதி ஃபில்மோர் பதவியேற்றார். அபிகெயில் வந்து பார்த்தபோது வெள்ளை மாளிகையில் நூலகமே இல்லை. அதுவரை வந்த ஜனாதிபதிகள் தங்கள் சொந்தப் புத்தகங்களைக் கொண்டுவந்து, போகும்போது கட்டி எடுத்துப் போய்விடுவார்கள். நாட்டின் தலைவர் குடியிருக்கும் வீடு, அங்கே ஒரு சந்தேகம் வந்தால் எடுத்துப் பார்க்க அந்த வீட்டுக்கென்று புத்தகம் கிடையாது. அவரும் கணவரும் கேட்டதன் பேரில் நாடாளுமன்றம் 2,000 டாலர் ஒதுக்கியது. மேல்மாடியில் முட்டை வடிவ அறை ஒன்றைத் தேர்ந்தெடுத்து அலமாரிகள் போடவைத்தார். வரலாறு, சட்டம், அகராதி, இலக்கியம், பூகோளம் என்று பார்த்துப் பார்த்து வாங்கினார்கள். அதே அறையில் பியானோ. எழுத்தாளர்களும் பாடகர்களும் அந்த அறைக்கு வந்து போனார்கள். மாலையில் குடும்பம் உட்காரும் இடமும் அதுதான். இன்றைக்கு மஞ்சள் முட்டை அறை என்று அழைக்கப்படுவது அந்த அறைதான்.

எனக்குப் பிடித்தது, அந்தப் புத்தகங்கள் ஃபில்மோர் குடும்பத்துக்குச் சொந்தமாக வாங்கப்படவில்லை என்பது. அடுத்து வருகிறவருக்கும் சேர்த்து வாங்கினார். தான் படித்தவர், எது இல்லாவிட்டால் தவிப்பு வரும் என்று அறிந்தவர். பெட்டி பெட்டியாக எதையாவது வாங்கி நிரப்புவதற்கும் அதற்கும் உள்ள வித்தியாசம் பென்னாகரம் சாலை மாடியிலும் தெரிகிறது. சார் பெங்களூரு அவென்யூ ரோட்டுப் பழைய புத்தகக் கடைகளுக்குப் போய் ஒவ்வொன்றையும் புரட்டிப் பார்த்துத்தான் வாங்குவார். எடைக்கு வரும் மூட்டையை அப்படியே வாங்குவதில்லை. ‘நான் ரெண்டு பக்கம் படிச்சு நிறுத்த முடியலேன்னா வாங்குவேன்’ என்றார். அதனால்தான் அங்கே மொத்தம் இருப்பது இரண்டு அறைப் புத்தகம் என்றாலும் வெறுங்கையோடு திரும்ப முடிவதில்லை.

இங்கே இன்னொரு ஏற்பாட்டைச் சொல்லியாக வேண்டும். ஒவ்வொரு புத்தகத்தின் பின் அட்டையிலும் ஒரு காகித உறை ஒட்டி அதில் வெள்ளைச் சீட்டுகள் வைத்திருக்கிறார். படித்தவர்கள் சந்தேகமோ திருத்தமோ இருந்தால் பக்க எண்ணைப் போட்டு எழுதி வைக்கலாம். அடுத்து எடுப்பவர் படித்துக்கொள்ளலாம். நான் எடுத்த புத்தகத்தில் ஃபில்மோர் அத்தியாயத்தில் ஒரு பத்தி, வெள்ளை மாளிகையில் முதல் குளியல் தொட்டியை வைத்தவர் அவர்தான் என்று அடித்துச் சொல்கிறது. உறையில் இருந்த சீட்டில் யாரோ நீல மையில், ‘இது கட்டுக்கதை. 1917இல் மென்கன் என்ற பத்திரிகையாளர் வேடிக்கைக்காக எழுதியது’ என்று குறித்திருந்தார். இரண்டாவது புத்தகத்தைத் திறந்து பார்த்தேன். சரிதான். 1917 டிசம்பரில் நியூயார்க் பத்திரிகை ஒன்றில் குளியல் தொட்டியின் வரலாறு என்று மென்கன் முழுக்க முழுக்கக் கற்பனையாக எழுதினார். பல ஆண்டு கழித்து அவரே அது பொய் என்று எழுதியும் யாரும் விடவில்லை, புத்தகத்துக்குப் புத்தகம் ஏறிவிட்டது. ‘ஒண்ணு சொல்றதை இன்னொண்ணு மறுக்கும்’ என்று சார் சொன்னது இதைத்தான். அந்தச் சீட்டை வகுப்புக்குக் கொண்டுபோய்க் காட்டினேன். அச்சில் வந்ததெல்லாம் உண்மை இல்லை என்று நான் வாயால் சொல்வதைவிட, முன்பின் தெரியாத ஒரு வாசகர் எழுதி வைத்த அந்தச் சீட்டு பிள்ளைகளுக்கு நன்றாகப் புரிந்தது.

நானும் ஒரு சீட்டு எழுதி வைத்தேன். அது குளியல் தொட்டியைவிடப் பெரிய விஷயம்.

அபிகெயிலின் அத்தியாயம் நூலகத்தையும் கால் வலியையும் பியானோவையும் சொல்கிறது. 1850 செப்டம்பர் 18ஆம் தேதியைச் சொல்லவில்லை. அன்றைக்குத்தான் அவர் கணவர் தப்பியோடும் அடிமைகள் சட்டத்தில் கையெழுத்துப் போட்டார். அடிமை முறை இருந்த தெற்கு மாநிலங்களிலிருந்து தப்பி வடக்கே வந்துவிட்டவர்களைப் பிடித்துத் திரும்ப ஒப்படைக்கச் சொல்லும் சட்டம். அவர்களுக்குச் சோறு போட்டு ஒளித்து வைப்பவர்களுக்கு 1,000 டாலர் வரை அபராதம், ஆறு மாதம் வரை சிறை. பிடிபட்டவர் தன் தரப்பைச் சொல்லவும் சாட்சியம் தரவும் அதில் இடமே இல்லை. நூலகத்துக்குப் பணம் ஒதுக்கியதும் இதே ஆண்டு, இதே நாடாளுமன்றம். வேண்டாம் என்று அபிகெயில் கணவரைத் தடுத்துப் பார்த்ததாகப் பின்னால் வந்தவர்கள் சிலர் எழுதுகிறார்கள். கையெழுத்து என்னவோ விழுந்துவிட்டது. 1852இல் ஃபில்மோரின் சொந்தக் கட்சியான விக் கட்சியே அவரை மறுபடி வேட்பாளராக நிறுத்தவில்லை.

இதையும் பிள்ளைகளிடம் சொன்னேன். நல்லதை மட்டும் சொல்லி ஒரு பெண்ணை அவர்கள் முன்னால் நிறுத்த எனக்கு மனம் வரவில்லை. முதல் பெஞ்சில் இருந்த ஒருத்தி கேட்டாள்: “அடிமையா இருந்தவங்க அந்த நூலகத்துல படிக்கலாமா டீச்சர்?”

வாஷிங்டன் நகரத்துக்குள் அடிமைகளை விற்கும் சந்தையை 1850இல் தடை செய்தார்கள், ஆனால் அடிமை முறையே அங்கே 1862 ஏப்ரல் வரை இருந்தது. பொட்டோமாக் ஆற்றைத் தாண்டினால் வர்ஜீனியா. அங்கே கறுப்பின மக்களைக் கூட்டி வைத்து எழுதப் படிக்கச் சொல்லிக் கொடுப்பது 1831இலிருந்து சட்டப்படி குற்றம். மாடியில் ஒரு பெண் அலமாரியில் புத்தகம் அடுக்குகிறார். ஆற்றுக்கு அக்கரையில் எழுத்துச் சொல்லிக் கொடுத்தால் தண்டனை. யாருக்கு எழுத்து கிடைக்கலாம், யாருக்குக் கிடைக்கக் கூடாது என்று வகுத்து வைத்த ஊர்கள் நம்மிடமும் இருந்தன என்பதை அந்தப் பிள்ளைகளுக்கு நான் விளக்க வேண்டிய அவசியம் இருக்கவில்லை. அவர்களுடைய பாட்டிமார் பலர் கைநாட்டு. ஏன் என்று அவர்களுக்குத் தெரியும். அன்றைக்கு மணி அடித்த பிறகும் பேச்சு முடியவில்லை.

அபிகெயிலின் கடைசி நாள்கள் சீக்கிரம் முடிந்துவிடுகின்றன. 1853 மார்ச் 4, அடுத்த ஜனாதிபதி ஃபிராங்க்ளின் பியர்ஸ் பதவியேற்பு விழா. கடுங்குளிர், ஈரக் காற்று. திறந்த வெளியில் அவரும் நிகழ்ச்சி முடியும்வரை இருந்தார். குளிர் பிடித்தது, நிமோனியாவாக மாறியது. மாளிகையைக் காலி செய்துவிட்டு வில்லார்ட் ஹோட்டலில் தங்கியிருந்தபோது மார்ச் 30ஆம் தேதி இறந்துபோனார். வயது ஐம்பத்தைந்து. இரண்டு பேரும் சேர்ந்து ஊர் ஊராகப் பார்க்கலாம் என்று இருந்த நேரம். அடுத்த ஆண்டே, 1854 ஜூலையில், மகள் ஆபி காலராவில் போனாள். அவளுக்கு இருபத்திரண்டு வயது. வகுப்பில் இதைச் சொல்லும்போது என் குரல் கொஞ்சம் தடுமாறியது. புத்தகத்தின் அந்தப் பக்கத்தில் பழைய ஈரக் கறை ஒன்று இருக்கிறது. எனக்கு முன்னால் எடுத்தவர் தேநீர் சிந்தியதாகக்கூட இருக்கலாம்.

இனி குறைகள். மனதில் வைத்துக்கொண்டு பாராட்டை மட்டும் எழுதினால் சாருக்கே பிடிக்காது.

மாடிப்படி செங்குத்து, ஒரு பக்கம் கைப்பிடி கிடையாது. மழை நாளில் வழுக்கும். முழங்கால் வலி உள்ள பெரியவர்கள் ஏற முடியாது. போன் செய்து பெயர் சொன்னால் கீழே மருந்துக் கடையில் கொடுத்து வைக்கிறார்கள், அது நல்ல ஏற்பாடுதான். ஆனால் அலமாரி முன்னால் நின்று புரட்டிப் பார்க்கும் சந்தோஷம் அவர்களுக்கு இல்லாமல் போகிறது. அபிகெயிலின் கணுக்காலைப் படித்துவிட்டு வந்த எனக்கு அந்தப் படியில் இறங்கும்போதெல்லாம் இது உறுத்துகிறது. கைப்பிடி போட அதிகச் செலவு ஆகாது. கட்டட உரிமையாளரிடம் பேசுவதாக அக்கா சொல்லியிருக்கிறார்.

தமிழ்ப் புத்தகங்களை ஆசிரியர் பெயர் வரிசையில் அழகாக அடுக்கியிருக்கிறார்கள். ஆங்கில அறையில் உயரம் பார்த்து அடுக்கியிருக்கிறது. சார் இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு எடுத்துத் தருவார். அவர் ஊருக்குப் போயிருந்தால் தேடித் தேடிக் கழுத்து வலிக்கும். அந்த அறையின் கடைசி அலமாரிக்கு வெளிச்சம் போதாது, செல்போன் டார்ச் அடித்துத்தான் முதுகில் உள்ள எழுத்தைப் படித்தேன். உட்கார இரண்டு பிளாஸ்டிக் நாற்காலி மட்டும் இருக்கிறது, மேசை இல்லை. குறிப்பெடுக்க வருகிறவர்கள் மடியில் வைத்துத்தான் எழுத வேண்டும். போட்டித் தேர்வுக்கு உட்கார்ந்து படிக்க இடம் தேடுபவர்களுக்கு இது சரிப்படாது. அவர்கள் மாவட்ட மைய நூலகத்துக்குப் போவதே நல்லது. தமிழ்ப் புத்தகங்களும் அங்கேதான் நிறைய. நான் இரண்டிலும் உறுப்பினர்.

எல்லாவற்றையும்விட எனக்கு வருத்தமானது, இப்படிப்பட்ட பெண்களின் வாழ்க்கை தமிழில் இந்த அலமாரியில் இல்லை என்பது. ராணிகள் இருக்கிறார்கள், தியாகிகள் இருக்கிறார்கள். ஊர்ப் பள்ளிக்கூடத்து ஆசிரியைகள் இல்லை. நான் ஆங்கிலத்தில் படித்து வந்து சொன்னால்தான் பிள்ளைகளுக்குக் கிடைக்கிறது. ஒரு வாரம் நான் வராவிட்டால் அதுவும் இல்லை. இதைச் சாரிடம் சொன்னபோது அவர் சொன்ன பதில்: “நீங்க வகுப்புல சொன்னதையே எழுதிக் கொடுங்க டீச்சர். அச்சடிக்க முடியாட்டி என்ன, டைப் அடிச்சு பைண்டு பண்ணி வச்சுடலாம். நாலு பேர் எடுப்பாங்க.” எழுதிக்கொண்டிருக்கிறேன். சீட்டு உறையும் ஒட்டித் தருவதாகச் சொல்லியிருக்கிறார்.

பள்ளிகளுக்கு என்று ஓர் ஏற்பாடு வைத்திருக்கிறார், பலருக்குத் தெரியாது. தலைமை ஆசிரியர் கடிதம் கொடுத்தால் மாதம் ஒரு பெட்டி, இருபது புத்தகம், முன்பணம் இல்லாமல் தருகிறார். கிழிந்தால் ஒட்டித் திருப்பினால் போதும், தொலைந்தால் அதற்குப் பதில் வேறு எந்த நல்ல புத்தகம் கொடுத்தாலும் வாங்கிக்கொள்கிறார். காரிமங்கலம், பாப்பாரப்பட்டி, மாரண்டஅள்ளி பக்கத்து ஆசிரியர்கள் இதைப் பயன்படுத்திக்கொள்ள வேண்டும். பஸ்ஸில் தூக்கி வருவதுதான் சிரமம். எங்கள் பள்ளிக்குக் காய்கறி மண்டிக்கு வந்து திரும்பும் டெம்போவில் ஏற்றிவிட்டோம்.

காலை பத்திலிருந்து ஒன்று, மாலை நாலிலிருந்து எட்டு. செவ்வாய்க்கிழமை விடுமுறை. தாமதமானால் நாளுக்கு இரண்டு ரூபாய், அக்கா அதில் விட்டுக்கொடுக்க மாட்டார். சனிக்கிழமை மாலையில் கூட்டம் இருக்கும். சாரோடு நிதானமாகப் பேசி எடுக்க வேண்டும் என்றால் காலையில் போங்கள். என்ன புத்தகம் வேண்டும் என்று கேட்காமல், எதற்காக வேண்டும் என்று சொல்லுங்கள். அப்போதுதான் அந்த இடத்தின் அருமை தெரியும்.

அடுத்து நான் சொல்லி வைத்திருப்பது எலைசா ஜான்சனின் வாழ்க்கை. 17ஆவது ஜனாதிபதி ஆண்ட்ரூ ஜான்சனின் மனைவி. பள்ளிக்கூடம் போகாத தையல்காரக் கணவருக்கு எழுத்தும் கணக்கும் சொல்லிக் கொடுத்தவர். அவருக்குக் கல்யாணம் ஆனது பதினாறு வயதில். அதை ஒன்பதாம் வகுப்பில் எப்படிச் சொல்வது என்று இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன். அதே கிழிந்த அட்டைப் புத்தகத்தில்தான் அதுவும் இருக்கிறது. இதைப் படித்துவிட்டு எனக்கு முன்னால் யாராவது போய் எடுத்தால், படித்ததும் சீட்டில் இரண்டு வரி எழுதி வைத்துவிட்டுச் சீக்கிரம் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.